மதிப்பு அச்சாகாத ஒரு ரூபாய்

மழை விட்டிருந்த ஒரு காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சிதம்பரத்திலிருந்து சுந்தரி அக்கா, பாத்திரக்கடை வைத்தியலிங்கத்தின் மனைவி. அவ்வளவு காலையில் அந்த வீட்டிலிருந்து போன் வந்தால் பேசுவது வைத்தியலிங்கமாகத்தான் இருக்கும். ஏதாவது பழைய காசைக் கனவில் கண்டுவிட்டு, அது கனவா நிஜமா என்று என்னிடம் விசாரிப்பார். அக்காவின் குரலைக் கேட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது.

“மேடம், அவரு போயிட்டாரு. தூக்கத்துலயே. காபி எடுத்துக்கினு போயி எழுப்புறேன், ஒடம்பு சில்லுனு இருக்கு.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அக்கா அழவில்லை. கடைக்குச் சாமான் சொல்வதுபோல நிதானமாக இன்னொன்றும் சொன்னார்.

“வரும்போது ஒரு ரூபா காசு ஒண்ணு எடுத்தாந்துடுங்க மேடம். நெத்தியில வைக்கணும். இங்க யார் கையிலயும் ஒத்த ரூபா இல்ல, எல்லாரும் போன்லயே காசு குடுக்குறாங்க. பீரோவுல இருக்கிறதுல எதத் தொடலாம் எதத் தொடக்கூடாதுன்னு எங்களுக்குப் பயமா இருக்கு. அது ஒங்களுக்குத்தான் தெரியும்.”

எங்கள் பக்கத்தில் இறந்தவரின் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒரு ரூபாயை ஒட்டுவார்கள். சுடுகாட்டுக்குப் போனதும் அங்கே வேலை பார்ப்பவர் அதை எடுத்துக்கொள்வார். வாழ்நாளெல்லாம் காசு சேர்த்த மனிதரின் வீட்டில் அவர் நெற்றிக்கு வைக்க ஒரு ரூபாய் இல்லை. இதைச் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பாரே என்று நினைத்துக்கொண்டே போனில் அவர் பெயரைத் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கீரையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று கடலூர் மஞ்சக்குப்பத்து மாடி அறையில், காசு சேர்க்கிற நம் கூட்டத்தோடு உட்கார்ந்து காசு பார்த்தவர்களுக்கு வைத்தியலிங்கத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நம் கூட்டம் போடுகிற இந்த மலர் வெளியார் கையிலும் போய்ச் சேரும் என்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பெரிய குரல், அதைவிடப் பெரிய தொந்தி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. நான் அந்த ஊரில் ஒரு வங்கியில் காசாளராக இருந்தவள். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். அவர் என்னைக் கடைசிவரை ‘மேடம்’ என்றார். நான் அவரை ‘முதலாளி’ என்றேன். அவர் கடையாட்கள் மரியாதையாகச் சொன்ன சொல்லை நான் கிண்டலாகச் சொன்னேன். அது அவருக்குத் தெரியும், பிடிக்கவும் செய்தது.

பீரோவைத் திறந்தேன். என் வீட்டிலும் அதே கதைதான். எல்லாக் காசும் உறைக்குள் இருக்கிறது, கடையில் கொடுக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்தேன். ஆனால் எதை எடுக்கப்போகிறேன் என்பது கைக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த ஒரு ரூபாயைத்தான். நம் கூட்டத்தில் யாரும் “எந்த ஒரு ரூபாய்?” என்று கேட்க மாட்டீர்கள். அதை அவர் என்னிடம் கேட்காத மாதம் கிடையாது. இன்றைக்காவது கொடுத்துவிடுவது என்று கைக்குட்டையில் முடிந்து, பையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன்.

அந்தக் காசு என்னிடம் வந்தது ஒரு பொங்கல் சமயத்தில். பொங்கலென்றால் பாத்திரக்கடைக்காரருக்குச் சாப்பிட நேரமிருக்காது. பித்தளைப் பானை வாங்க வருகிற கூட்டம் வாசல்வரை நிற்கும். மற்ற நாட்களில் கல்லாவில் விழுகிற ஒவ்வொரு சில்லறையையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனிதர், அந்த வாரம் மட்டும் பார்க்காமல் பையில் கொட்டிக்கட்டி வங்கிக்குக் கொண்டுவந்துவிட்டார். எண்ணும்போது என் விரலில் ஒன்று இடறியது. ஒரு பக்கம் வழக்கமான சிங்கத்தலை, மேடாக. மறுபக்கமும் அதே சிங்கத்தலை, ஆனால் இடவலம் மாறி, பள்ளமாக, சேற்றில் அழுத்தி எடுத்த மாதிரி. ஒரு ரூபாய் என்ற எழுத்தே அதில் இல்லை. ஆண்டும் இல்லை. வரிசை நீளமாக நின்றதால் என் கைப்பையிலிருந்து ஒரு நல்ல ரூபாயை எடுத்துப் போட்டுக் கணக்கைச் சரிசெய்துவிட்டு, அதை மேசை இழுப்பறையில் போட்டேன். அப்போது எனக்குக் காசு சேர்க்கிற பழக்கம் கிடையாது. அது ஏதோ கெட்டுப்போன காசு என்றுதான் நினைத்தேன்.

பொங்கல் கழிந்து அவர் வந்தபோது விளையாட்டாக எடுத்துக் காட்டினேன். “பாருங்க முதலாளி, ஒங்க கடை லட்சணத்த. செல்லாக் காசெல்லாம் எங்க தலையில கட்டுறீங்க.” அவர் வாங்கிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பந்தியில் உட்கார்ந்தவருக்கு முன்னாலிருந்து இலையை உருவியதுபோல் இருந்தது. அச்சடிக்கும்போது முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் மேல் அதன் முகம் இப்படிப் பதியும் என்று பிறகுதான் விளக்கினார். அப்போது அவர் கேட்டது இதுதான்: “மேடம், இது என் கல்லாவுல இருந்தா வந்துச்சு?”

“ஆமா.”

“நான் பாக்காமயே குடுத்துட்டனா?”

“ஆமா.”

“திருப்பிக் குடுப்பீங்களா?”

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு பெரிய மனிதரை இப்படி ஆட்டிவைக்கிற பொருளை உடனே விட எனக்கு மனம் வரவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். நான் காசு சேர்க்க வந்தது அப்படித்தான். என் கையிலிருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளவே முதல் ஞாயிறு அந்த மாடிப்படி ஏறினேன்.

கூட்டத்தில் அவர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்ததும் வானிலை அறிக்கை மாதிரி ஆரம்பிப்பார். எந்தக் காசுக்கு ஆள் கூடியிருக்கிறது, எதற்கு ஆள் குறைந்திருக்கிறது என்று சொல்லி முடித்த பிறகுதான் டீ. “சோழர் செப்புக் காசா? ராஜா நிக்கிறாரு, உக்காந்திருக்காரு, எல்லாம் சரி. ஆனா வீட்டுக்கு ஒரு ராஜா இருக்காரே மேடம், அவர யாரு தேடுவா?” என்பார். ஆயிரம் வருஷத்துக் காசைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லாமல் இருப்பதும், நேற்று அச்சான காசுக்கு ஆட்கள் முட்டிக்கொள்வதும் எனக்குப் புதிதாக இருந்தது. வெள்ளி ரூபாயைப் பற்றி அவர் சொன்னதை நான் இன்றும் எல்லாரிடமும் சொல்கிறேன்: “அந்த மவுசு காசுக்கு இல்ல, வெள்ளிக்கு. உருக்கினாலும் அதே வெலதான் குடுப்பான்.” கைபடாமல் கண்ணாடிப் பெட்டியில் வருகிற புதுக் காசுகளைத்தான் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அவரும் வாங்கினார், நன்றாக விற்றார். விற்றுவிட்டு, “சந்தைக்கே போவாத மாட்டுக்கு என்னா வெல பாத்தீங்களா” என்று எங்களிடம் கண்ணடிப்பார்.

அவரை ஏதோ எல்லாம் தெரிந்த ஞானி என்று எழுதினால் அவரே சிரிப்பார். அந்த மஞ்சள் இருபது பைசா கதை உங்களுக்கு மறந்திருக்காது. தாமரைப் பூ போட்ட காசு. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு காலத்தில் ஊரே பதுக்கி வைத்தது. பாத்திரக்காரருக்கு அது தங்கம் இல்லை என்று தெரியும். “தங்கம் இல்லன்னா என்னா, ஊரே நம்புது இல்ல, வெல ஏறும்” என்று அண்டா அண்டாவாக வாங்கிக் குவித்தார். ஏறவில்லை. ஊரே பதுக்கினால் ஊரெல்லாம் இருக்கும், பிறகு யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? நம் கூட்டத்தில் அவரைத் தாமரை என்று கூப்பிட்டுப் பாடாய்ப் படுத்தினோம். மனிதர் அசரவில்லை. அந்தக் காசில் நூற்றெட்டு வைத்து வீட்டில் லட்சுமி பூசை செய்கிற பழக்கம் பெண்களிடம் பரவியபோது, நூற்றெட்டு நூற்றெட்டாகத் துணிப்பையில் போட்டுக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார். விளக்கு வாங்க வந்தவர்கள் அதையும் சேர்த்து வாங்கிப் போனார்கள். “சேக்குறவன் கேக்கலன்னா கும்புடுறவங்க கேப்பாங்க மேடம். கேக்குற ஆள் எங்கயோ இருக்கான், அவன் வர்ற வரைக்கும் துரு புடிக்காம பாத்துக்கணும். அவ்ளோதான் வியாபாரம்” என்றார்.

பழைய காசு லட்சத்துக்குப் போகும் என்று போனில் வருகிற வீடியோக்கள் அவரைப் பிடித்த சனி. அவற்றைப் பார்த்துவிட்டு யார் யாரோ கடைக்கு வருவார்கள். ஒருநாள் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கம்மாபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். சலவைச் சட்டை போட்டு, ஒரு ஐந்து ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் சுற்றி, மச்சானையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வழியில் யாராவது பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? வைத்தியலிங்கம் முதலில் கேட்டது, “சாப்டீங்களா?” இட்லி வரவழைத்து அவர்கள் தின்று முடிக்கிறவரை ஊர்க்கதை பேசினார். பிறகு கல்லாவைத் திறந்து அதே காசில் ஒரு கைப்பிடி அள்ளி அவர் முன்னால் வைத்தார்.

வந்தவர் தன் காசைப் பார்த்தார், மேசையில் இருந்ததைப் பார்த்தார். “இதெல்லாம் லட்சமா?” என்றார், சின்னக் குரலில்.

“லட்சம்னா நான் ஏன் இந்த வெயில்ல சொம்பு வித்துக்கினு உக்காந்திருக்கேன்?”

அவருடைய மச்சான் முதலில் சிரித்தார். பிறகு அவரும் சிரித்தார். போகும்போது ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு போனார். ஏமாந்து வந்தவரை இன்னொரு தரம் கூசவைக்காமல் அனுப்புகிற கலை எனக்கு இன்றுவரை கைவரவில்லை. நான் எடுத்த எடுப்பில் “இது ஒண்ணும் போகாது” என்று சொல்லிவிடுகிறவள். வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த பழக்கம்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இந்தக் காசுக்காக அவர் கொடுக்க முன்வந்ததையெல்லாம் நினைத்தால் சிரிப்பு வருகிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த காசு ஒன்றைத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பெண்ணையாற்று மணலில் கிடைத்த ஈயக்காசுகளைத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஒருமுறை ஆத்திரத்தில் வெண்கலப் பானை ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார். திருவந்திபுரத்தில் அவர் பேரனுக்கு மொட்டையடித்தபோது போயிருந்தேன். குழந்தை அலறிக்கொண்டிருக்கிறது, தாத்தா தலையிலும் மொட்டை, சந்தனம் காயவில்லை. அந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு மெதுவாகக் கேட்கிறார்: “என்னா மேடம், மனசு எறங்குச்சா?”

நடுவில் சில காலம் இப்படிப் பிழையாக அச்சான காசுகளுக்கு, எரர் காசு என்று நாம் சொல்கிறவற்றுக்கு, நல்ல கிராக்கி இருந்தது. பெரிய ஊர்களிலிருந்தெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்போது வைத்தியலிங்கத்துக்குத் தூக்கம் போயிருக்கும். பிறகு பட்டறையில் தட்டிச் செய்த போலிப் பிழைகள் சந்தையில் நிறைந்துவிட்டன. எது நாணயச்சாலைத் தப்பு, எது சுத்தியல் தப்பு என்று தெரியாமல் வாங்கினவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கேட்பதை நிறுத்தினார்கள். நம் கூட்டத்திலேயே அதை மேசையில் வைத்தால் எடுத்துப் பார்க்கிறவர்கள் இல்லாமல் போனார்கள். வைத்தியலிங்கம் மட்டும் நிறுத்தவில்லை. அவருடைய வானிலை அறிக்கையிலேயே “எரர் காசுக்கு ஆள் இல்ல” என்று உரக்கச் சொல்லிவிட்டு, டீ வந்ததும் என் பக்கம் திரும்பி, “அது எப்ப மேடம்?” என்பார். ஆள் இல்லை என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்றால், “ஒரு ஆள் இருக்கேன் இல்ல” என்பார்.

நான் கொடுக்காதது கஞ்சத்தனம் என்று உங்களில் சிலர் நினைத்ததுண்டு. ஒன்று சொல்கிறேன், அவரும் நானும் மட்டும் அறிந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று மாலை அவர் வங்கிக்கு வந்தார். என் பெயர் வெட்டிய ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரைக் கவுண்டரில் வைத்தார். “இனிமே யாருகிட்ட மேடம் புதுக்காசு வந்திச்சான்னு கேப்பேன்” என்று சொல்லும்போது அந்தப் பெரிய குரல் உடைந்தது. எனக்கும் தாங்கவில்லை. இழுப்பறையிலிருந்து அந்தக் காசை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். “எடுத்துக்குங்க முதலாளி. நெசமாத்தான்.”

விளிம்பில் பிடித்து எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். அப்புறம் அதே கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே என் பக்கம் தள்ளிவிட்டார்.

“இன்னிக்கு வாணாம் மேடம். அடுத்த மாசம் கேக்குறேன்.”

கேட்டார். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும். நானும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்பதிலும் மறுப்பதிலும் எங்கள் இருவருக்கும் இருந்த சந்தோஷம், கொடுத்து வாங்கியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். இதை எங்களுக்குள் வாய்விட்டு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சிதம்பரத்தில் இறங்கி நடந்தபோது கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. வீட்டுக்குள் அவரை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் திருநீறு இருந்தது, நடுவில் காசுக்கு இடம் விட்டிருந்தது. மூடியைத் திறந்து, எனக்காகக் காத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த மகன் கார்த்தி என்னைத் தனியே அழைத்தான். “மேடம், பெருசா வெல இல்லாததா பாருங்க. அங்க அத எடுத்துக்குவாங்களாம்” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

நம் ஆட்கள் சிலர் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். பரங்கிப்பேட்டை அன்வர் பாய் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நான் கைக்குட்டையை அவிழ்த்து, உறையிலிருந்து காசை வெளியே எடுத்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அது வெறுங்கையில் இருந்தது. யாரோ சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். விரலில் தொட்டுக் காசின் பின்பக்கம் தடவப் போனேன்.

“மேடம், சந்தனம் பட்டா கறை புடிச்சிடும்.”

அன்வர் பாய்தான். சொன்ன பிறகே தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், என் கையும் தானாகவே பின்னால் போயிருந்தது. மூடி திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காசுக்குக் கறை படியுமே என்று பதறுகிறவர்கள் நம் கூட்டத்தைத் தவிர உலகத்தில் யார் இருப்பார்கள்?

சுந்தரி அக்கா எழுந்து வந்தார். “அதானே இது? அவரு கேட்டுக்கினே இருப்பாரே, அது?”

“ஆமாக்கா. அவருக்கே குடுத்துடலாம்னு எடுத்தாந்தேன்.”

அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இத்தனை காலமும் இந்தக் காசைப் பற்றிக் கேட்டுக் காது புளித்தவர், அன்றுதான் முதல்முதலாகக் கண்ணால் பார்க்கிறார். “ரெண்டு பக்கமும் சிங்கமா இருக்கு. ஒரு ரூபான்னு எங்க போட்டிருக்கு?”

“போடலக்கா. அதான் இதுல விசேசம்.”

“கடையில குடுத்தா வாங்குவாங்களா?”

“மாட்டாங்க.”

அக்கா காசை என் உள்ளங்கையில் திருப்பி வைத்து, விரல்களை அவரே மூடினார். “அப்ப வாணாம் மேடம். போற எடத்துல செல்லணும்.”

நான் இன்னொரு தடவை நீட்டினேன். அவர் கேட்டதாயிற்றே, நான் கொடுக்கவே இல்லையே என்றெல்லாம் உளறினேன். அக்கா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆறுதல் சொல்லப் போன நான், அவரிடம் ஆறுதல் வாங்கிக்கொண்டு நின்றேன்.

மாலை கொண்டுவந்த பூக்காரம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்து, “இந்தாங்க” என்று ஒரு ரூபாய் கொடுத்தார். ஈரமும் கறுப்புமாக, மல்லிகை வாசனையோடு இருந்தது. அன்வர் பாய் அதை விளிம்பில் பிடித்து வாங்கினார். வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி, ஆண்டுக்குக் கீழே எந்த ஊர் நாணயச்சாலையின் குறி இருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எனக்கும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“என்ன பாய்?”

“ஐதராபாத், மேடம். நெறையா கெடைக்கும். மார்க்கெட்டே இல்ல.”

நம்மில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லாரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். சுந்தரி அக்காவும் சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் முதன்முதலாக அழுததும் அப்போதுதான். அந்த ரூபாயில் சந்தனத்தைத் தடவி அவரே நெற்றியில் ஒட்டினார். நல்ல பெரிய நெற்றி. காசு சின்னதாகத் தெரிந்தது.

ஆண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டோம். பீரோவில் கோடி ரூபாய்க்கு இருக்குமாமே என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி என் காதில் கேட்டாள். அவர் கம்மாபுரத்துக்காரருக்குச் சொன்னதையே சொன்னேன். ஆனால் அவர் சொன்னபோது சிரிப்பு வந்தது, நான் சொன்னபோது வரவில்லை. கடலூர் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, மூடிய கையைத் திறக்காமலே வந்தேன்.

அதற்கடுத்த முதல் ஞாயிறு கூட்டத்துக்கு வந்தேன், நீங்களும் இருந்தீர்கள். டேனிஷ் காசுகளுக்கு ஆள் கூடியிருப்பதாகப் பேசிக்கொண்டீர்கள். பழைய அலுமினியப் பைசாக்களைக்கூட இப்போது யாரோ தேடுகிறார்களாம். அந்தக் காசை எடுத்து மேசையில் என் முன்னால் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. டீ வந்தது. எல்லாரும் குடித்தீர்கள். யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சந்தையில் அதற்கு ஆள் இல்லை என்று அவரே சொன்னதுதானே? டீ ஆறுகிறவரை காத்திருந்துவிட்டு, திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவரிடமிருந்து எனக்குச் சிலது மிஞ்சியிருக்கிறது. காசை விளிம்பில் பிடிக்கிற பழக்கம் இருக்கிறது. தோசைக்கல்லில் அப்பளத்தைக்கூட இப்போது அப்படித்தான் பிடிக்கிறேன். யாராவது ஒரு காசைத் துணியில் சுற்றி நம்பிக்கையோடு கொண்டுவந்தால், முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்கப் பழகிவருகிறேன். டிபன் கேரியர் இருக்கிறது. பிறகு இந்த ஒரு ரூபாய், எவ்வளவு என்றும் எப்போது என்றும் எழுதாதது. இத்தனை காலம் அதற்கு இருந்த விலையெல்லாம் ஒருவர் மாதம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்ததுதான் என்று இப்போது தெரிகிறது. எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. முதல் ஞாயிறு வந்தால் இன்னும் கூடுதலாக இருக்கிறது.

முதலாளி, காசு என்னிடம்தான் இருக்கிறது. இப்போதும் தரமாட்டேன். ஒரு தடவை கேளுங்கள்.